மை ஃபாதர் ரன்னிங்

மேலச்செவல்பட்டி,
சங்கரன்கோவில் வழி.
6 அக்டோபர் 2025

ருக்சானா,

‘அன்புள்ள’ என்று எழுதிப் பழகிய கை. இந்த முறை எழுதப் போனதை நிறுத்திக்கொண்டேன். என் நம்பரை பிளாக் செய்துவிட்டாய். செம்பூர் ஆபீசுக்குப் போன் போட்டால் மேடம் மீட்டிங்கில் இருக்கிறார் என்கிறார்கள். தாராவியில் உன் வீட்டு விலாசம் எனக்கு மனப்பாடம். தபால்காரரை உன்னால் பிளாக் செய்ய முடியாது.

உங்கள் கம்பெனி வீடியோ எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்துவிட்டது. மாட்டுங்காவில் அரங்கம் எடுத்து விழா நடத்தினீர்களாமே. மேடையில் பெரிய திரை. ‘முதல் நாள்’ என்று எழுத்து வருகிறது. எங்கள் எட்டாம் வகுப்பு இசக்கியின் குரல் கேட்கிறது. இங்கிலீஷ் பேசிப் பழக நீங்கள் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்த டேப்லெட் அவளிடம், “டெல் மீ அபவுட் யுவர் ஃபாதர்” என்கிறது. அவள் திணறித் திணறி, “மை ஃபாதர்... மை ஃபாதர் ரன்னிங்” என்கிறாள். அரங்கம் சிரிக்கிறது. அந்தச் சிரிப்பையும் வெட்டாமல் வைத்திருக்கிறீர்கள். பிறகு ‘மூன்று மாதம் கழித்து’ என்று போட்டு, தன் அம்மா தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்ப்பதை அவள் தப்பில்லாமல் சொல்கிறாள். எல்லோரும் கைதட்டுகிறார்கள்.

அவளுடைய அப்பா ஓடிப்போனவர், ருக்சானா. இன்னொருத்தியோடு திருப்பூர்ப் பக்கம் போய்விட்டார். வேலைக்குப் போயிருக்கிறார் என்றுதான் அவள் அம்மா ஊருக்குச் சொல்லிவைத்திருந்தாள். வீடியோ பார்த்தவர்கள் துருவிக் கேட்கப் போய் எங்களுக்கே இப்போதுதான் தெரியும். ‘ஓடிப்போயிட்டாரு’ என்பதைத் தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் அந்தப் பிள்ளை சொல்லியிருக்கிறது. மனுஷரிடம் சொல்லாததை அந்த டேப்பிடம் சொன்னாள். அது சிரிக்காது, வெளியே சொல்லாது என்று நம்பியிருக்கிறாள்.

இப்போது அவள் தெருவில் வந்தால் பையன்கள் கூடவே ஓடுகிறார்கள். “ஏளா இசக்கி, ஒங்கப்பா எதுவரைக்கும் ரன்னிங்?” காலாண்டு லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. அவள் வரவில்லை.

மாட்டுங்கா கல்லூரியில் முதல் நாள் நான் எழுந்து நின்று என்னைப் பற்றிச் சொல்ல வாய் வராமல் தவித்தேனே, வகுப்பே சிரித்ததே, ஞாபகம் இருக்கிறதா? நீ பெஞ்ச் மேல் ஏறி நின்று அத்தனை பேரையும் இந்தியில் கிழித்தாய். அதே மாட்டுங்காவில் ஒரு பிள்ளையைச் சிரிக்கக் கொடுத்துவிட்டு நீ மேடை ஓரத்தில் நின்றிருக்கிறாய். வீடியோவில் உன் பச்சை துப்பட்டா தெரிகிறது.

வீடியோவை எடு. அதன் பிறகு உனக்கும் எனக்கும் பேச்சு இருக்கிறதா என்று பார்ப்போம்.

மாரிசெல்வி


தாராவி,
15 அக்டோபர் 2025

மாரி,

எனக்கும் ‘அன்புள்ள’ வேண்டாம். கணக்கு சரியாகிவிட்டது.

உன்னை பிளாக் செய்தது நீ விடாமல் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்களுக்காக. உம்மா பக்கத்தில் இருக்கும்போது ஒன்றைப் போட்டுவிட்டேன். “இது நம்ம மாரியா பேசுது?” என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

நடந்ததை நடந்தபடி பேசுவோம். போன வருஷம் நீ என்னிடம் அழுதாய். “பிள்ளைகள் வாயே திறக்க மாட்டேங்குதுக ருக்கு, எஸ் மிஸ், நோ மிஸ் தவிர ஒண்ணு வரல” என்றாய். நான் நிகிலிடம் போய் நின்றேன். கம்பெனி அவனுடையது. தமிழ்நாட்டு கிராமம் எல்லாம் இப்போது பட்டியலில் இல்லை என்றான். சண்டை போட்டு உன் பள்ளிக்கூடத்தைச் சேர்க்க வைத்தேன். டேப் வந்தது, ஹெட்போன் வந்தது, பிள்ளைகள் பேசின. அதற்கு நீ எனக்கு அனுப்பிய மெசேஜ்களும் என்னிடம் இருக்கின்றன. “டேப் அக்காட்ட எல்லாம் போட்டி போட்டுப் பேசுதுக” என்று எழுதியது நீதானே?

பிள்ளைகளின் குரலைப் பயன்படுத்தலாம் என்று கையெழுத்துப் போட்டது உங்கள் ஹெச்.எம். முன்னால் இப்படி, பின்னால் இப்படி என்று காட்டாமல் எவன் நம்புவான்? அந்த விழாவுக்குப் பிறகு மகாராஷ்டிராவில் இரண்டு மாவட்டம் எங்களைக் கூப்பிட்டிருக்கிறது. நூற்றுக்கணக்கான இசக்கிகள் பேசப் போகிறார்கள். அரங்கத்தில் சிரித்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. குழந்தை மழலைக்குச் சிரிக்கிற மாதிரி சிரித்தார்கள். அவள் அப்பா ஓடிப்போனது எனக்கு எப்படித் தெரியும்? என் காதுக்கு அது ஒரு அழகான தப்பு. அவ்வளவுதான்.

வீடியோவை எடுக்கிற அதிகாரம் என்னிடம் இல்லை. கேட்டுப் பார்த்தேன். முடியாது என்றான் நிகில்.

இன்னொன்று. போன வாரம் இங்கே இருக்கிற உன் அம்மாவை சயன் ஆஸ்பத்திரிக்குக் கண் காட்ட அழைத்துப் போனது நான். வரிசையில் நின்றது நான். அதைச் சொல்லிக் காட்ட வேண்டாம் என்று நினைத்தேன். உன் கடிதத்தைப் படித்த பிறகு சொல்லத் தோன்றுகிறது.

ருக்சானா


மேலச்செவல்பட்டி,
24 அக்டோபர் 2025

ருக்சானா,

அம்மாவை அழைத்துப் போனதற்கு நன்றி. இனி என் சித்தி மகள் மான்குர்த்திலிருந்து வந்து பார்த்துக்கொள்வாள். சொல்லிவிட்டேன். உனக்கு அந்தச் சிரமம் வேண்டாம்.

தீபாவளி முடிந்த மறுநாள் இசக்கி வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே அவள் அம்மா மறித்துக்கொண்டாள். உட்கார் என்று சொல்லவில்லை.

“எம்புள்ள இங்கிலீசு பேசணும்னுதான் டீச்சர் அனுப்புனேன். எங்க வீட்டு அசிங்கத்த இங்கிலீசுல பேசவா அனுப்புனேன்?”

“தப்பு நடந்துபோச்சும்மா. அவள அனுப்புங்க. நான் பாத்துக்கிடுதேன்.”

“நீங்க பாத்த லெச்சணந்தான் ஊரு பூரா சிரிக்கி. இனும அவ ஒண்ணும் படிக்க வேண்டாம். பொங்கலுக்கப்புறம் எங்கூட தீப்பெட்டி ஆபீசுக்கு வரட்டும்.”

அவளுக்குப் பின்னால் இசக்கி தரையில் உட்கார்ந்திருந்தாள். நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. தமிழில்கூட ஒரு வார்த்தை பேசவில்லை. எங்கள் பள்ளிக்கூடத்தில் அதிகம் பேசிய பிள்ளை அவள். டேப் ‘வெரி குட்’ என்று சொன்னால் ஹெட்போனோடு எழுந்து நின்று சலாம் வைப்பாள்.

உன் நூற்றுக்கணக்கான இசக்கிகளைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. எனக்கு இந்த ஒருத்தி வேண்டும். எட்டாம் வகுப்போடு ஒரு பெண்பிள்ளை நின்றுபோவது உங்கள் செம்பூர் ஆபீசில் எந்தத் திரையில் தெரியும்? உங்கள் டேப் கொடுக்கிற நட்சத்திரம் அதற்கு உண்டா?

டேப் எல்லாவற்றையும் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். ஹெச்.எம். என்னைக் கூப்பிட்டு, “பெரிய அதிகாரி பாக்க வாராரு, நீங்க வீம்பு பண்ணாதீங்க” என்றார். சாவியை என் கைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

கேட்டுப் பார்த்தேன், முடியாது என்றான் என்று எழுதியிருக்கிறாய். நீ எப்படிக் கேட்டிருப்பாய் என்று எனக்குத் தெரியும். கதவுக்கு வெளியே நின்று கேட்டிருப்பாய். பெஞ்ச் மேல் ஏறுகிற ருக்சானா செத்துப்போய் வெகுநாள் ஆகிறது போலிருக்கிறது.

மாரிசெல்வி


தாராவி,
3 நவம்பர் 2025

டீச்சரம்மா,

செத்தவள் எழுதுகிறேன்.

என் வேலை என்ன என்று உனக்குச் சரியாகத் தெரியாது. கேட்டதும் இல்லை. டேப்பில் பிள்ளைகள் பேசுவது எல்லாம் செம்பூருக்கு வருகிறது. மெஷின் போட்ட மார்க் சரிதானா என்று ஆள் உட்கார்ந்து கேட்க வேண்டும். தமிழ்ப் பிள்ளைகளுடையதைக் கேட்பது நான். காலையில் ஹெட்போன் மாட்டினால் சாயங்காலம் குர்லா டிரெயினில்கூடக் காதுக்குள் பிள்ளைகள் பேசிக்கொண்டே வரும்.

பிள்ளைகளின் குரலோடு அறையின் சத்தமும் வரும். காகம், மணி, பெஞ்ச் இழுக்கிற சத்தம். உன் குரல்.

“வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்க? எரும, தொறந்து பேசு.” இது உன் குரல். “எத்தன தடவ சொல்லிக் குடுத்தேன், மண்டைக்குள்ள என்ன இருக்கு?” இதுவும் உன் குரல். நீ பக்கத்தில் வரும்போது பிள்ளைகள் எஸ், நோ என்று சுருங்கிவிடுகின்றன. நீ பயிற்சிக்கு என்று தென்காசி போயிருந்த வாரம் அதே பிள்ளைகள் கொட்டித் தீர்த்திருக்கின்றன. ஆட்டைப் பற்றி, பேயைப் பற்றி, பஸ் டிரைவரைப் பற்றி. நான் ஆபீசில் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். உன்னிடம் சொன்னால் மனசு நோகும் என்று சொல்லவில்லை.

இப்போது நோகட்டும்.

‘மை ஃபாதர் ரன்னிங்’ என்று இசக்கி சொன்ன அன்றைக்கு வெட்டாத பதிவு என்னிடம் இருக்கிறது. நேற்று மறுபடியும் போட்டுக் கேட்டேன். அவள் சொல்லி முடித்ததும் பின்னால் ஒருவர் சிரிக்கிறார். சத்தமாக இல்லை, மூக்கால். பிறகு, “ரன்னிங்காம்லா, ஒங்கப்பன் என்ன ரேஸ் குதிரையா?” என்று கேட்கிறார். வகுப்பு முழுக்கச் சிரிக்கிறது. மாட்டுங்கா அரங்கம் சிரித்தது அதற்கு மூன்று மாதம் கழித்து.

முதலில் சிரித்தவள் நீ, மாரி. கல்லூரியில் உன்னைப் பார்த்துச் சிரித்தவர்களை இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறாயே, அவர்களில் ஒருத்தியாகத்தான் நீ ஊர் போய்ச் சேர்ந்திருக்கிறாய். அந்தப் பிள்ளை ஏன் மனுஷரிடம் சொல்லாமல் மெஷினிடம் சொன்னாள் என்று அழகாக எழுதியிருந்தாய். காரணம் எனக்குக் கேட்கிறது. உனக்குத்தான் கேட்கவில்லை.

ருக்சானா


மேலச்செவல்பட்டி,
10 நவம்பர் 2025

ருக்சானா,

அது என் குரல்தான். நான் இல்லை என்று சொல்லப் போவதில்லை.

உன் கடிதத்தைப் பள்ளிக்கூடத்தில் வைத்துப் பிரித்தேன். அடுத்த பாடவேளை எட்டாம் வகுப்பு. உள்ளே போனதும் எல்லாப் பிள்ளைகளும் எழுந்து நின்றன. உட்காருங்கள் என்று சொல்ல எனக்கு நேரமாகிவிட்டது. என் வாய் எனக்கே பயமாக இருந்தது.

ஆனால் நீ செய்ததற்கு என்ன பெயர்? ஜூன் மாதத்திலிருந்து என் வகுப்பறைக்குள் உட்கார்ந்து என்னைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாய். ஒரு நாள் போன் செய்து, ‘ஏளா மாரி, பிள்ளைகளை இப்படித் திட்டாதே’ என்று சொல்லியிருக்கலாம். நீ சொன்னால் கேட்டிருப்பேன். உலகத்தில் நீ சொன்னால் மட்டும் கேட்டிருப்பேன். சொல்லாமல் எடுத்துவைத்திருந்து, சண்டை வந்ததும் வீசுகிறாய். மனசு நோகும் என்று மறைத்தேன் என்கிறாய். நம்பவில்லை. டேப் ஓடுகிற பள்ளிக்கூடம் உனக்கு வேண்டியிருந்தது. டீச்சரைத் திருத்தினால் டேப்புக்கு என்ன பெருமை?

ஒன்று செய். இசக்கியின் குரலை எடுத்துவிட்டு அந்த இடத்தில் என் குரலைப் போடு. கொழுக்கட்டை, எருமை, ரேஸ் குதிரை எல்லாவற்றையும் மாட்டுங்காவில் போட்டுக் காட்டு. பெயரையும் போடு. நான் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

செய்ய மாட்டாய். நிகில் கோபப்படுவான்.

மாரிசெல்வி


தாராவி,
27 நவம்பர் 2025

மாரி,

இது நான் உனக்கு எழுதும் கடைசிக் கடிதம். அதனால் கொஞ்சம் நீளமாக இருக்கும்.

டேப் பெட்டியில் ஒரு உதவி எண் ஒட்டியிருக்கும், பார்த்துப் பார்த்துப் பிள்ளைகளுக்கு அது மனப்பாடம். தமிழ் அழைப்புகள் என் மேசைக்கு வரும். போன வாரம் ஒரு அழைப்பு. “ஹலோ மேடம், ஐ ஆம் இசக்கி. எய்த் ஸ்டாண்டர்ட்” என்றது குரல். எத்தனையோ நாள் கேட்ட குரல். என்னை முதல் முறையாக அது கூப்பிடுகிறது.

“சொல்லும்மா. தமிழ்லயே பேசு” என்றேன்.

“நோ மேடம். யூ புட் மை இங்கிலீஷ் இன் வீடியோ. ஐ வில் டாக் இங்கிலீஷ் ஒன்லி.”

மூச்சு வாங்கியது அவளுக்கு. எங்கோ வெளியே நின்று பேசினாள், பக்கத்தில் ஆடு கத்தியது.

“மை ஃபாதர் இஸ் நாட் ரன்னிங். ஹி ரான் அவே. தட் இஸ் கரெக்ட் சென்டென்ஸ். பட் இட் இஸ் மை சென்டென்ஸ், மேடம். நாட் யுவர் சென்டென்ஸ். ரிமூவ் இட்.”

சாரி என்றேன். எடுக்கப் பார்க்கிறேன் என்றேன். “ட்ரை நோ. ரிமூவ்” என்றாள். மாரி, அவள் பயப்படவில்லை. இலக்கணம் எங்கே போனால் என்ன, கோபத்தைக் கோபமாகவே பேசினாள். இதைத்தான் நாங்கள் விற்றுக்கொண்டிருந்தோம். இது கையில் கிடைத்தபோது அது எங்களைத்தான் திட்டியது.

வைக்கும் முன்னால், “டோன்ட் டெல் மை டீச்சர். ஷி வில் ஷவுட்” என்றாள்.

நிகிலின் அறைக்குப் போனேன். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேதான் நின்றேன், உன் தகவலுக்காக. “அரே ருக்சானா, ஏக் வீடியோ கே லியே இத்னா டிராமா?” என்றான், ஒரு வீடியோவுக்கு இவ்வளவு நாடகமா என்று. இரண்டு மாவட்டக்காரர்களும் அதைப் பார்த்துத்தான் வந்தார்கள், பெயரை வேண்டுமானால் மறைக்கிறோம் என்றான். நான் என் இடத்துக்கு வந்து, என் லாகினிலேயே வீடியோவை அழித்தேன். மாட்டுங்கா விழாவின் முழுப் பதிவையும் அழித்தேன். அவளுடைய குரல் இருந்த கோப்புகளையும் அழித்தேன். உன் குரலும் அதோடு போயிற்று. நீ மேடை ஏற ஆசைப்பட்டாய், வாய்ப்பு போய்விட்டது.

மறுநாள் லேப்டாப்பை வைத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். இப்போது வாப்பாவின் பட்டறையில் பைகளுக்கு ஜிப் வைத்துத் தைக்கிறேன். “படிச்ச புள்ள தோலு நாத்தத்துல வந்து உக்காந்திருக்கு” என்று வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொல்கிறார் வாப்பா கரீம் பாட்சா. பெருமையா வருத்தமா என்று தெரியவில்லை.

உனக்காகச் செய்தேன் என்று நினைத்துவிடாதே. நீ கேட்டபோது செய்யவில்லை, அவள் கேட்டபோது செய்தேன். உங்கள் ஊர்ப் போன்களில் சுற்றுவதை என்னால் அழிக்க முடியாது.

உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று அவள் கேட்டதை ஏன் எழுதினேன் என்றால், உனக்கு நான் கொடுக்கக்கூடிய தண்டனை வேறு எதுவும் இல்லை. ஒரு பிள்ளை மும்பைக்குப் போன் போட்டு முன்பின் தெரியாதவளோடு சண்டை போடத் துணிந்திருக்கிறாள். உன்னிடம் துணியவில்லை. அதை வைத்துக்கொள்.

ருக்சானா


மேலச்செவல்பட்டி,
9 டிசம்பர் 2025

ருக்சானா,

உனக்கு வேலை போனதற்கு வருந்துகிறேன். இதை எழுதாமல் விட முடியவில்லை.

ஆனால் அவள் சொல்லாதே என்றாள், நீ சொல்லிவிட்டாய். மறுபடியும் அந்தப் பிள்ளை உன்னை நம்பி ஒன்றைச் சொல்ல, மறுபடியும் அதை எடுத்து உன் தேவைக்குப் பயன்படுத்திக்கொண்டாய். முதல் தடவை கம்பெனிக்காக. இந்தத் தடவை என்னைக் குத்துவதற்காக. கோப்புகளை அழித்துவிட்டேன் என்கிறாயே, இதை எதில் அழிப்பாய்?

எனக்குத் தெரியும் என்று அவளுக்குக் காட்டிக்கொள்ளவில்லை. காட்டவும் மாட்டேன். அந்த மட்டில் நான் உன்னைவிட மேல்.

இசக்கி வந்துவிட்டாள். போன திங்கட்கிழமை காலையில் தானாகவே வந்து முதல் பெஞ்சில் உட்கார்ந்தாள். அம்மாவிடம் என்ன சொன்னாள், எப்படி ஒப்புக்கொள்ள வைத்தாள், தெரியாது. பின்னாலிருந்து ஒருவன் “ரன்னிங்” என்று ஆரம்பித்தான். அவள் திரும்பி, “ரான் அவே. பாஸ்ட் டென்ஸ். லேர்ன்” என்றாள். அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. நான் சிரிக்கவில்லை. சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

டேப் எல்லாவற்றையும் கம்பெனி ஆட்கள் வேனில் வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஹெச்.எம். என்னோடு பேசுவதில்லை. இங்கிலீஷ் பாடவேளைக்குக் கரும்பலகைதான் மிச்சம்.

நேற்று பாடம் ஆரம்பிக்கும்போது இசக்கி எழுந்து நின்றாள். நான் என்ன என்றேன். குரலை எவ்வளவு தணித்துக் கேட்டேன் என்று உனக்குத் தெரியாது, கேட்பதற்கு இனி உன்னிடம் ஹெட்போனும் இல்லை.

“டீச்சர், கிவ் யுவர் ஃபோன். வீ வில் ரெக்கார்ட் அண்ட் லிசன்.”

கொடுத்தேன். வாங்கிக்கொண்டும் அவள் உட்காரவில்லை. காது மடல் சிவந்துபோயிருந்தது.

“ப்ளீஸ் கோ அவுட்சைட், டீச்சர்.”

வகுப்பே என்னைப் பார்த்தது. நான் சத்தம் போடுவேன் என்று அவர்களுக்கு நிச்சயம். கையிலிருந்த சாக்பீசை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தேன். அவள் கதவைச் சாத்தினாள்.

வராண்டாவில் நின்றேன். முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு ஒரு பிள்ளை பேசியது, இன்னொன்று பேசியது, எல்லாம் சேர்ந்து ஒரே இரைச்சல். என்ன பேசுகிறார்கள் என்று கதவுக்குப் பக்கத்தில் போகக் கால் எடுத்தேன். போகவில்லை. மணி அடிக்கிற வரைக்கும் சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் போய் நின்றுகொண்டேன். ஹெச்.எம். ஜன்னல் வழியாகப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

உனக்குத் தெரிய வேண்டிய செய்தி, அதனால் எழுதினேன். பதில் எழுதாதே. உன் கையெழுத்தை உறையில் பார்த்தால் பிரிக்காமல் இருக்க எனக்குத் தெரியாது.

மணி அடித்ததும் இசக்கி போனைக் கொண்டுவந்து தந்தாள். தேங்க்யூ சொல்லிவிட்டு ஓடிவிட்டாள். வீட்டுக்கு வரும் பஸ்ஸில் உட்கார்ந்து திறந்து பார்த்தேன். ஒவ்வொரு இடமாகத் தேடினேன். ஒரு குரல்கூட இல்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டுத்தான் கொடுத்திருக்கிறாள்.

மாரிசெல்வி